கோணவாயன் பிடித்திருக்கும் கதவு

அன்புள்ள அத்தைக்கு,

இந்த மழையில் உங்கள் அறைச் சுவர் ஓதம் பிடித்துவிட்டது. பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிடலாம் என்று அப்பா ஒருவரை வரச் சொல்லியிருந்தார். இன்று காலை அவர் வந்து வாளியில் சுண்ணாம்பு கலக்கினார். நான் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் கேட்டது.

"பாப்பா, கதவாண்ட ஒரு கப்பு கெடக்குது. உள்ள பூரா சிமென்ட்டு. குப்பையில போட்டுடவா?"

"வேணாம்!" என்று நான் கத்திய கத்தலில் அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அதற்குள் அவர் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் உங்கள் அறைக் கதவு, யாரும் தொடாமல், காற்றும் இல்லாமல், மெதுவாக நகர்ந்து வந்து 'டொக்' என்று மூடிக்கொண்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அத்தை. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

நான் பிறந்தபோது நீங்கள் இந்த வீட்டில் இருந்தீர்கள் என்று சொல்வது சரியில்லை. நீங்கள் கட்டிய வீட்டில் நான் வந்து பிறந்தேன். கல்யாணமான வருடமே மாமா போய்ச் சேர்ந்ததும் நீங்கள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி, பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இந்த வீட்டைக் கட்டி, தம்பியான அப்பாவையும் திட்டக்குடியில் இருக்கிற சின்ன அத்தையையும் வளர்த்தீர்கள். எனக்கு இதெல்லாம் கேட்டுத் தெரிந்த கதை. ஆனால் உங்கள் வேலையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப் போனீர்கள். மேஜைமேல் ஃபியூஸ் கட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. நீங்கள் பக்கத்து மேஜையில் வேலை செய்த பெண்ணிடம் மொச்சைக் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு கைகளிலும் ஒவ்வொன்றை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினீர்கள். 'டிங்' என்றால் வலப்பக்கக் கூடை. 'டப்' என்றால் இடப்பக்கம். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. நான் இடப்பக்கக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு குறையும் இல்லை.

"நல்லாத்தான இருக்குது அத்த?"

நீங்கள் அதன்மேல் ஒரு சொட்டு மை விட்டு ஈரத்துணியால் துடைத்தீர்கள். மை போய்விட்டது. ஒரு தலைமுடி அளவுக் கோடு மட்டும் நீலமாக நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்திருக்கிறது!

அன்றைக்கே சூளையிலிருந்து தள்ளுவண்டி வெளியே வந்ததையும் பார்த்தேன். அடுக்கடுக்காகப் பொம்மைகளும் கோப்பைகளும். வெளிக்காற்று பட்டதும் அந்த வண்டி முழுக்கச் சின்னச் சின்னதாக ஒலிக்க ஆரம்பித்தது. ஆயிரம் பேர் நகத்தால் மணியைச் சுண்டுவதுபோல. சூடு ஆறும்போது மேல்பூச்சும் மண்ணும் ஒரே அளவில் சுருங்காததால் அப்படி ஒலிக்கிறது என்று பின்னால் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். நீங்கள் அன்று, "பேசிக்கிட்டே வருது பாரு" என்று மட்டும்தான் சொன்னீர்கள். காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அந்த வியப்பு போகவே இல்லை.

முதல் தரமானவை வைக்கோலுக்கு நடுவே படுத்து, பெட்டியேறி, லாரியேறி எங்கெங்கோ போய்விடும். பழுதானவை வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்கு வரும். அதற்கு இந்த ஊரில் செகண்ட்ஸ் என்று பெயர். "நல்லதெல்லாம் ஊர வுட்டுப் போயிடும். கோணலுங்கதான் நம்மகூட குடும்பம் நடத்தும்" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பீர்கள். நம் வீட்டில் நாம் குடிக்கிற கோப்பைகள் எல்லாமே செகண்ட்ஸ்தான். அப்பாவுடையது அடி சரியில்லாமல் ஆடும். அம்மாவுடையதில் கைப்பிடி ஒருபக்கம் சாய்ந்திருக்கும். என்னுடையதில் கன்னத்தில் மச்சம்போல ஒரு பழுப்புப் புள்ளி. உங்களுடையது சூளையில் நெளிந்து வாய் நீள்வட்டமாகிப் போனது. அதற்குக் கோணவாயன் என்று பெயர் வைத்திருந்தீர்கள்.

மேல் அலமாரியில் மட்டும் நீலக்கோடு போட்ட நாலு கோப்பைகள் தட்டோடு இருக்கும். ஒரு பழுதும் இல்லாதவை. நீங்களே பொறுக்கி எடுத்து வந்தவை. விருந்தாளி வந்தால்தான் அவை இறங்கும்.

ஒருநாள் சாயங்காலம் உங்கள் பழைய அறையில், அதாவது அடுப்படிக்குப் பக்கத்து அறையில், கண்ணை மூடிப் படுத்தபடியே சொன்னீர்கள். "ஒங்கப்பன் குடிச்சிட்டு வச்சிட்டான். ஒங்கம்மா இன்னும் குடிக்கல." நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்படி மேடைமேல் அப்பாவின் கோப்பை காலியாக இருந்தது. அம்மாவின் டீ ஆறிக்கொண்டிருந்தது. பிறகு நான் உங்களைச் சோதிக்கவே வேலை மெனக்கெட்டுக் கோப்பைகளை மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு தடவைகூட நீங்கள் தவறவில்லை. படுத்த இடத்திலிருந்தே, சத்தத்தை வைத்தே, வீடு முழுக்க உங்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது.

போன வருடம் ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் திட்டக்குடியில் சின்ன அத்தை வீட்டில் மூன்று மாதம் இருந்தீர்கள். அதற்குள் அப்பா இங்கே வீட்டையே மாற்றினார். வழுக்காத தரைக்கல், உட்காருகிற கழிப்பறை, சுவரோரம் பிடித்துக்கொள்ளக் கம்பி, படியேறாமல் இருக்க வாசலை ஒட்டியே புது அறை, புதுக் கதவு. டிப்போவில் பஸ் பழுதுபார்த்துவிட்டு வந்து இரவல் வாங்கிய டிரில்லால் கம்பியைத் தானே பொருத்தினார். எல்லாம் உங்களுக்காக.

ஐப்பசியில் காரிலிருந்து இறங்கினீர்கள். அம்மா ஆரத்தி எடுத்தாள். நீங்கள் வாசலில் நின்று பளபளத்த தரையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டீர்கள்.

"ஏம்மா, செருப்ப எங்க வுடறது?"

நாற்பது வருடம் செருப்பை விட்ட வாசல் அது. 'ஏண்டி செல்வி' என்றுதான் அம்மாவைக் கூப்பிடுவீர்கள். அன்று 'ஏம்மா' என்றீர்கள். அம்மா பதறிப்போய், "எங்க வேணும்னாலும் வுடுங்கண்ணி, நான் எடுத்து வைக்கிறேன்" என்றாள். பிறகு நீலக்கோட்டுக் கோப்பையில், தட்டு வைத்து, உங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் அதை வாங்கிய விதம் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு கையாலும் வாங்கினீர்கள். குடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்றீர்கள். நம் வீட்டில் யாரும் டீக்கு நன்றி சொல்வது கிடையாது.

அதன்பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். ஃபேன் போடக் கேட்டுவிட்டுத்தான் போட்டீர்கள். துண்டைக் கொடியில் போடாமல் கட்டில் கம்பியில் காயப்போட்டீர்கள். பல்துலக்கும் பிரஷ்கூட உங்கள் பையிலேயே இருந்தது. வந்து மூன்று வாரம் ஆகியும் அந்தப் பையை நீங்கள் பிரித்து வைக்கவே இல்லை. கதவு எந்நேரமும் மூடியே இருந்தது. நான் உள்ளே வந்தால், "கதவத் தொறந்தே வச்சிட்டுப் போடி" என்று சொல்வீர்கள். நான் திறந்து வைத்துவிட்டுத்தான் போவேன். திரும்பி வந்தால் மூடியிருக்கும். அம்மாவிடம் கேட்டால், "பெரியவங்களுக்குத் தனியா இருக்கணும்னு இருக்கும். தொந்தரவு பண்ணாத" என்பாள்.

கார்த்திகையில் ஒருநாள் சின்ன அத்தையிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் சன்னலுக்கு வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"தை பொறந்ததும் அங்கயே வந்துடறேன்டி. இல்ல இல்ல, இங்க ஒண்ணும் குறையே இல்ல. ராணி மாதிரி வச்சிருக்காங்க." சின்ன அத்தை என்னவோ கேட்டிருக்க வேண்டும். பிறகு சொன்னீர்கள். "அதான்."

அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தை பிறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. நீங்கள் போய்விடுவீர்கள். ஒருவரும் போகச் சொல்லாமலே போய்விடுவீர்கள்.

எல்லாம் அந்த நீலக்கோட்டுக் கோப்பையால்தான் என்று நான் முடிவு செய்தேன். அதனால் கோணவாயனைத் தேடினேன். மேடையில் இல்லை, அலமாரியில் இல்லை. கடைசியில் குளியலறைக்குப் பின்னால் உடைந்த தரைக்கற்களுக்கு நடுவே கிடைத்தது. கொத்தனார் கல் இடுக்குகளுக்குப் பூச வெள்ளை சிமென்ட்டை அதில்தான் கலந்திருக்கிறார். வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டார். விளிம்புவரை சிமென்ட் இறுகிக் கல்லாகியிருந்தது. பின்னால் வந்து நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான்டி எடுத்துக் குடுத்தேன். அவசரத்துல பாக்கல. அத்தகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. அதைவிட முட்டாள்தனமான காரியம் ஒன்று செய்தேன்.

மறுநாள் அம்மா கடைக்குப் போனபோது உங்கள் நீலக்கோட்டுக் கோப்பையை எடுத்து, இஞ்சி நசுக்கும் குழவியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினேன். நகக்கண் அளவு பெயர்ந்தது. முதல் தரம் செகண்ட்ஸ் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வந்து டீ போட்டதும் நானே அதில் ஊற்றி, தட்டு வைக்காமல், எடுத்துவந்து கொடுத்தேன். நீங்கள் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினீர்கள். விரலால் விளிம்பைத் தடவினீர்கள்.

"யாருடி இத ஒடச்சது?"

"ஒடையல அத்த. செகண்ட்ஸ்."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டீ சிந்தச் சிந்தச் சிரித்தீர்கள். ஊரிலிருந்து வந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"முப்பது வருஷம் செக்கிங்ல இருந்தவகிட்டயே செகண்ட்ஸ் ஓட்டுறியா? சூளையில வந்த கொறன்னா மேல மெருகு மூடியிருக்கும்டி, மொழுமொழுன்னு இருக்கும். இது பச்சக் காயம். எத வச்சுத் தட்டுன, குழவியா?"

அதற்குள் அம்மா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "அய்யோ, ஒடஞ்ச கப்புல குடுத்திருக்கா! வாயக் கிழிச்சிருந்தா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அப்ப கோணவாயன் எங்கன்னு நீயே சொல்லு. அத்த தைக்கு திட்டக்குடிக்கே போறாங்களாம். ஃபோன்ல சொன்னாங்க."

அம்மா கொல்லைக்குப் போய்க் கோணவாயனை எடுத்துவந்து உங்கள் கையில் வைத்தாள். நீங்கள் அதை நகத்தால் சுண்டினீர்கள். 'டப்' என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏண்டி செல்வி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இதுக்கா ஒரு மாசமா எனக்குத் தட்டு வச்சு டீ குடுத்த? நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?"

"எப்படிச் சொல்வேன்? நீங்க விழுந்ததே என்னாலதான்" என்று அம்மாவின் குரல் உடைந்தது. "அன்னிக்குத் துணி அலசிட்டுச் சோப்புத்தண்ணிய அடிச்சு வுடாம வந்துட்டேன். ஒங்க மொகத்தப் பாக்கவே எனக்குக் கூசுது. இதுல கப்பு வேற போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

"சோப்புத்தண்ணின்னு எனக்குத் தெரியாதா? கால வச்சவ நான்தான. அத அன்னிக்கே கேட்டு ரெண்டு திட்டு திட்டியிருப்பேன். நீ ஆஸ்பத்திரியில அழுவுற அழுகையப் பாத்து வுட்டுட்டேன்."

"திட்டியிருக்கலாமில்ல? இப்பிடி ஏம்மா, ஏம்மான்னு அன்னியமாப் பேசுனா நான் என்னன்னு நெனக்கிறது?"

சத்தம் கேட்டு, அப்போதுதான் டூட்டி முடிந்து வந்த அப்பா கையில் டிபன் டப்பாவோடு வாசலிலேயே நின்றுவிட்டார். நீங்கள் கட்டிலில், நான் பக்கத்தில், அம்மா கூடத்தில். அந்த நேரம் பார்த்து, திறந்திருந்த கதவு மெதுவாக நகர்ந்து வந்து 'டொக்' என்று நமக்கும் அம்மாவுக்கும் நடுவே மூடிக்கொண்டது.

அம்மா தள்ளித் திறந்தாள். "பாத்தீங்களா? பேசிக்கிட்டு இருக்கறப்பவே கதவச் சாத்துறீங்க!"

"நானா? கட்டில்ல ஒக்காந்திருக்கேன்டி! எந்திரிக்கவே எனக்குக் கால் மணி ஆவுது. நீங்கதான தெனமும் சாத்திட்டுப் போறீங்க?"

"நாங்க ஏன் சாத்துறோம்? நீங்க தனியா இருக்க ஆசப்படுறீங்கன்னு நாங்க..."

அம்மா பாதியில் நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம். அப்பா வந்து அதை முழுக்கத் திறந்து, கையை எடுத்துவிட்டு, ஓரடி பின்னால் போனார். கதவு கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு, யோசித்து முடிவெடுத்த மாதிரி, புறப்பட்டது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி வந்து மூடியது. மூன்றாவது தடவை நாம் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"கீல் சாஞ்சிருக்குது. எங்கிட்டயாவது யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார் அப்பா மெதுவாக.

யார் சொல்வது, அத்தை? ஏன் என் கதவைச் சாத்துகிறீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஏன் எங்களை ஒதுக்குகிறீர்கள் என்று அம்மாவும் கேட்கவில்லை. ஒரு மாதம் முழுக்க இரண்டு பேரும் மரியாதையாக இருந்தீர்கள். கதவு தன் பாட்டுக்கு மூடிக்கொண்டே இருந்தது. நான் எத்தனையோ கதைப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். இப்படி ஒரு கதவை எதிலும் பார்த்ததில்லை.

முதலில் சிரித்தது நீங்களா அம்மாவா என்று இப்போது நினைவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியில் இருந்த கோணவாயனை என்னிடம் நீட்டினீர்கள்.

"இந்தா. டீக்கு ஆவல, கனத்துக்கு ஆவும். கதவுக்குக் குடு."

நான் கதவை விரியத் திறந்து கோணவாயனை அதன் காலடியில் வைத்தேன். கதவு ஒருமுறை இடித்துப் பார்த்தது. நின்றுவிட்டது. அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை கீலைச் சரிசெய்ய ஸ்க்ரூடிரைவரோடு வந்தபோது, "ஒண்ணும் வேணாம் தம்பி, அவன் வேலையப் புடுங்காத" என்று நீங்கள் விரட்டிவிட்டீர்கள்.

நான் உடைத்த கோப்பையை நீங்கள் தூக்கிப் போடவில்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் தண்ணீர் விட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெயர்ந்த இடத்தை இரண்டு நாள் தேய்த்தீர்கள். பிறகு என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தீர்கள். பள்ளம் இருந்தது. கூர் இல்லை. "இது ஓன் சூளையில வந்த செகண்ட்ஸ்" என்றீர்கள். அன்றிலிருந்து அதில்தான் குடித்தீர்கள். பை கட்டிலுக்கு அடியிலிருந்து பரணுக்கு ஏறியது. துண்டு கொடிக்கு வந்தது. தை பிறந்தது, நீங்கள் திட்டக்குடிக்குப் போகவில்லை. சின்ன அத்தைதான் கரும்போடு இங்கே வந்தார்கள். மாசியில் ஒருநாள் சாயங்காலம் உள்ளேயிருந்து உங்கள் குரல் கேட்டது. "செல்வி, ஓன் டீ ஆறுது பாரு." அம்மா அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆவணியில், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த ஒரு மத்தியானம், எழுந்திருக்காமலே போய்விட்டீர்கள். அன்றும் கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்த கடைசிச் சொல்வரை உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது அந்த அறையில் நான் படிக்கிறேன். சாயங்காலத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொள்கிறேன். அப்பாவின் கோப்பை எனக்குத் தெரிகிறது. அது மேடையில் உட்காரும்முன் இரண்டு தரம் ஆடுகிறது. அம்மாவுடையது பத்துக்கு ஆறு தடவைதான் பிடிபடுகிறது. நீங்கள் இதை எப்படிச் செய்தீர்கள் என்று இன்னும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் கேட்டுப் பார்க்கிறேன்.

வெள்ளையடித்து முடித்ததும் அம்மா அவருக்கு நீலக்கோட்டுக் கோப்பையில், தட்டு வைத்து, டீ கொடுத்தாள். அவர் அலமாரியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே குடித்தார்.

"நல்ல பீங்கானு. செட்டுல ஒண்ணு கொறையுது போலருக்கே?"

குறைந்த அந்த ஒன்று மேடைமேல், எங்கள் கோப்பைகளுக்கு நடுவே கவிழ்ந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

"கொறையலண்ணா. அது வூட்டு ஆளோட கப்பு."

சுவர் காய இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். கோணவாயனைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பாப்பா